கூட்டுத்தொகையின் மீது ஒரு பந்தயம்

பந்தயங்களில் யார் வெல்வார் என்று கட்டுவது பழைய வகை. சேவற்கட்டு முதல் குதிரைப் பந்தயம் வரை அதுவே வழக்கம். யார் வென்றாலும் சரி, இரு தரப்பும் சேர்ந்து எடுக்கும் புள்ளிகளின் கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட எண்ணைத் தாண்டுமா தாண்டாதா என்று கட்டுவது மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகையைப் பற்றி நாங்கள் அறிய நேர்ந்தது ஓசூரில், அதுவும் கனடாவில் ஆடப்படும் ஒரு கால்பந்தாட்டத்தின் வழியாக. எங்களில் எவரும் கனடாவுக்குப் போனதில்லை. அந்த ஆட்டத்தை முழுதாகப் பார்த்தவரும் எங்களில் இல்லை. ஆயினும் 2025 ஜூன் முதல் நவம்பர் வரை அதன் கூட்டுத்தொகை எங்கள் நண்பர் ஒருவரின் சம்பளத்தையும், அவருடைய தந்தை மாந்தோப்புக் குத்தகைக்கென்று வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதியையும் கொண்டுபோயிற்று.

நாங்கள் நால்வர். ஒருவர் அரசுப் பள்ளி ஆசிரியர். ஒருவர் அன்றாடம் அத்திப்பள்ளியைத் தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பேருந்தில் போய்வருபவர். ஒருவர் சிப்காட்டில் தரப் பரிசோதகர். ஒருவர் பாகலூர் சாலையில் மருந்துக்கடை வைத்திருப்பவர். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மொட்டைமாடியில் கூடி ஏதேனும் ஒரு நூலை வாசித்துப் பேசுவோம். ஐந்தாவதாக வந்து சேர்ந்தவர்தான் அந்த இளைஞர். போச்சம்பள்ளிப் பக்கத்துக்காரர், டிப்ளமா முடித்தவர், வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. எங்களை அண்ணா என்பார்; நாங்கள் தம்பி என்போம். ஆதலால் இங்கும் தம்பி என்றே குறிப்பிடுகிறோம். எங்களில் மிக வேகமாக வாசிப்பவர் அவர். அதைவிட வேகமாகக் கணக்குப் போடுபவர்.

கனடியக் கால்பந்து என்றதும் மெஸ்ஸியையோ சந்தோஷ் கோப்பையையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். நீள்வட்ட வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்க்கும் ஆட்டம் அது. அமெரிக்கக் கால்பந்துக்கு நெருங்கிய உறவு. அமெரிக்காவில் அணிக்கு 11 பேர் என்றால் கனடாவில் 12. பத்து கெஜம் முன்னேற அமெரிக்காவில் நான்கு வாய்ப்புகள், கனடாவில் மூன்றே. ஒன்பது அணிகள், ஒவ்வொன்றுக்கும் 18 ஆட்டங்கள், ஆக 81 ஆட்டங்கள். அதன்பின் தகுதியாட்டங்கள், நவம்பரில் கிரே கோப்பைக்கான இறுதியாட்டம். அந்தக் கோப்பை 1909 முதல் இருக்கிறது. எல்லைக்குள் பந்தைச் சேர்த்தால் ஆறு புள்ளிகள், கம்பங்களுக்கிடையே உதைத்தால் மூன்று என்று எண்ணிக்கை ஏறும். இரு அணிகளும் சேர்ந்து ஐம்பதை ஒட்டி எடுப்பது வழக்கம்.

பந்தயம் நடத்துபவர் ஆட்டத்துக்கு முன்பே ஓர் எண்ணை நிறுத்துவார். 50.5 என்று வைத்துக்கொள்வோம். ஆட்டத்தில் அரைப்புள்ளி என்று ஒன்று கிடையாது. கூட்டுத்தொகை அந்த எண்ணிலேயே வந்து நின்று பணத்தைத் திருப்பித் தரும்படி ஆகிவிடக்கூடாது என்பதற்காகவே அந்த அரை. 51 வந்தால் மேலே கட்டியவருக்கு. 50 வந்தால் கீழே கட்டியவருக்கு. ஆங்கிலத்தில் இதை ஓவர், அண்டர் என்பார்கள். கிரிக்கெட்டில் வளர்ந்த நமக்கு ஓவர் என்றால் ஆறு பந்து. தம்பி முதன்முதலில் இந்தச் சொல்லைச் சொன்னபோது நாங்களும் அப்படித்தான் எண்ணிக்கொண்டோம்.

அத்தனை தொலைவிலுள்ள ஆட்டம் ஓசூர் இளைஞர் ஒருவரின் கைக்கு எப்படி வந்தது? கடிகாரம்தான் காரணம். கனடாவின் கிழக்குப் பகுதியில் கோடைக்கால மாலை 7 மணி என்பது நமக்கு மறுநாள் விடிகாலை 4.30. இரவு ஷிப்டில் இருப்பவருக்கு அந்த வேளையில் ஐபிஎல் இல்லை, ஐரோப்பியக் கால்பந்தும் முடிந்திருக்கும். பந்தயத் தளத்தைத் திறந்தால் எந்த நேரமும் ஏதோ ஓர் ஆட்டம் நடந்துகொண்டிருக்க வேண்டும் என்பது அந்த வியாபாரத்தின் விதி. விடிகாலையில் அங்கே இருந்தது கனடா. 6.30க்கு ஷிப்ட் முடிந்து கம்பெனிப் பேருந்தில் ஏறும்போது ஆட்டம் பாதியைத் தாண்டியிருக்கும். அறைக்கு வந்து குளித்து முடிப்பதற்குள் முடிவு தெரிந்துவிடும். சில நாட்களில் 7.30க்கு மேற்குக் கரையிலிருந்து இன்னொரு ஆட்டம் தொடங்கும். தூக்கம் அதற்குப் பிறகுதான்.

கனடாவிலேயே இது புதிய ஏற்பாடு. ஒற்றை ஆட்டத்தின் மீது தனியாகப் பந்தயம் கட்டுவது அங்கே நெடுங்காலம் குற்றம். பல ஆட்டங்களைச் சேர்த்துக் கட்டினால்தான் அரசு லாட்டரி நிறுவனங்கள் ஏற்கும். 2021 ஆகஸ்ட் 27 முதல் சட்டம் மாறியது. 2022 ஏப்ரலில் ஒன்டாரியோ மாகாணம் தனியார் நிறுவனங்களுக்கும் கதவைத் திறந்தது. ஆட்டத்தின் ஒவ்வோர் அசைவும் இன்று தரவாக நொடிக்கு நொடி பந்தய நிறுவனங்களுக்கு விற்கப்படுகிறது. வின்னிபெக்கில் விழும் புள்ளி நம் ஊர் அறைக்கு வந்துசேர ஆகும் நேரம் ஒரு மூச்சு.

தம்பி எண்களை ஒரு நோட்டில் குறித்துவந்தார். அதை எங்களிடம் காட்டியிருக்கிறார். முந்தைய ஆண்டுகளின் இறுதியாட்டங்களும் அதில் இருந்தன. 2021 இல் வின்னிபெக் 33, ஹாமில்டன் 25, கூட்டுத்தொகை 58. 2022 இல் டொரன்டோ 24, வின்னிபெக் 23, 47. 2023 இல் மான்ட்ரியால் 28, வின்னிபெக் 24, 52. 2024 இல் டொரன்டோ 41, வின்னிபெக் 24, 65. நான்கையும் கூட்டி வகுத்து 55.5 என்று சராசரி எழுதி, அடிக்கோடும் இட்டிருந்தார். இதில் 2021 ஆம் ஆண்டின் கணக்கு வேடிக்கையானது. வழக்கமான நேரம் முடிந்தபோது 25க்கு 25 என்று சமநிலை, கூட்டுத்தொகை 50. 50.5க்குக் கீழே என்று கட்டியிருந்தவர் வென்றோம் என்று எழுந்து போயிருப்பார். கூடுதல் நேரத்தில் எட்டுப் புள்ளிகள் வந்து 58 ஆயிற்று. அவர் பணம் போயிற்று.

அந்த ஆட்டத்தில் ரூஜ் என்றொரு ஒற்றைப் புள்ளியும் உண்டு. கம்பங்களைக் குறிவைத்து உதைத்த பந்து தவறி, எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் போய்விழுந்து, அவர்கள் அதை வெளியே கொண்டுவர இயலாது போனால் உதைத்தவருக்கு ஒரு புள்ளி. உதை தவறினாலும் கிடைக்கும் புள்ளி அது. தம்பி முதன்முறையாகப் பெரிய தொகையைக் கீழே என்று கட்டியிருந்த ஆட்டத்தில், கடைசி நிமிடங்களில் இப்படி ஒரு புள்ளி வந்து 50 ஐ 51 ஆக்கிவிட்டது. பந்து எல்லைப் பகுதியையும் கடந்து வெளியே போய்விட்டால் 2026 முதல் இந்தப் புள்ளி கிடையாது என்று 2025 செப்டம்பரில் அறிவித்தார்கள். தம்பிக்கு அது காலங்கடந்த ஆறுதல்.

தொடக்கத்தில் எங்களுக்கு இதில் ஒரு கவர்ச்சி தெரிந்ததை மறைக்க வேண்டியதில்லை. ஒரு ஞாயிறு மாலை, எந்த அணி உனக்குப் பிடிக்கும் என்று ஆசிரியர் கேட்டார்.

“யார் ஜெயிச்சா எனக்கென்ன அண்ணா? ரெண்டு பேரும் நல்லா ஆடணும், அவ்வளவுதான்.”

கேட்டவுடன் எங்களுக்கு அது ஒரு ஞானியின் வாக்குப் போலவே பட்டது. அப்படித் தோன்றியதற்கு எங்கள் ஊரும் ஒரு காரணம். ஓசூரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவில் பேசப்படும். ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகம். காவிரிப் பிரச்சினை சூடேறும் நாட்களில் பேருந்துகள் எல்லையோடு நின்றுவிடும். எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிற எங்கள் நண்பர் எல்லையை நடந்தே கடந்து அப்பால் வேறு பேருந்து பிடித்திருக்கிறார். சென்னையும் பெங்களூருவும் மோதும் ஐபிஎல் ஆட்டத்தன்று ஒரே விடுதியின் ஒரு மாடியில் மஞ்சளும் மறுமாடியில் சிவப்புமாக இருக்கும். 2025 ஜூன் 3 இரவு பெங்களூரு அணி முதன்முறையாகக் கோப்பையை வென்றபோது இங்கும் வெடிச்சத்தம் கேட்டது. சில வீடுகளில் விளக்கு அணைந்தது. இப்படிப்பட்ட ஊரில், எந்தப் பக்கமும் சாராமல் இருவரும் நன்றாக ஆடட்டும் என்று ஒருவர் சொன்னால் மனம் அதை வரவேற்கத்தான் செய்யும்.

அடுத்த கூட்டத்துக்குத் தம்பி வந்தபோது கீழே என்று கட்டியிருந்தார். அன்று அவருடைய விருப்பம் இருவரும் மோசமாக ஆடவேண்டும் என்பது. மழை பெய்யட்டும், காற்று வீசட்டும், எறிகிறவரின் தோள் பிசகட்டும். முந்தைய வாரத்தின் நல்லெண்ணமும் அந்த வாரத்தின் தீய எண்ணமும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. ஆடுபவர்கள் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஓர் அணியை நேசிப்பவர் தோல்வியில் அழுவார், எதிரணியை ஏசுவார், சில சமயம் கல்லெறிவார்; என்றாலும் அவருக்கு வீரர்களின் பெயர் தெரியும், அவர்கள் முகம் தெரியும். தம்பியின் நோட்டில் எண்கள் மட்டுமே இருந்தன. 81 ஆட்டங்களைத் தொடர்ந்தவருக்கு ஒரு வீரரின் பெயர்கூடச் சொல்லத் தெரியவில்லை.

கூட்டுத்தொகைப் பந்தயம் ஆட்டத்தையும் எளிதில் கெடுக்கும். கிரிக்கெட்டில் இதற்குச் செஷன் என்று பெயர். முதல் ஆறு ஓவரில் இத்தனை ரன், பத்து ஓவரில் இத்தனை ரன் என்று புக்கிகள் எண்ணை நிறுத்துவார்கள். வெற்றி தோல்வியை விலைக்கு வாங்க ஓர் அணியே விலைபோக வேண்டும். ஓர் ஓவரின் ரன்களை மாற்ற ஒரு பந்துவீச்சாளர் போதும், அவருடைய அணி வென்றுகொண்டேகூட இருக்கலாம். 2013 மே மாதம் ராஜஸ்தான் அணியின் மூன்று வீரர்களைத் தில்லிக் காவல்துறை கைதுசெய்தபோது எழுந்த குற்றச்சாட்டு, ஓர் ஓவரில் இத்தனை ரன் கொடுப்பதென்று முன்கூட்டிப் பேசிவைத்தார்கள் என்பதே. 2015 இல் தில்லி நீதிமன்றம் அவர்களை வழக்கிலிருந்து விடுவித்தது. ஆனால் அதற்குப்பின் ஒரு பந்துவீச்சாளர் நோ-பால் வீசினால் அதை வெறும் நோ-பாலாகப் பார்க்கும் வெகுளித்தனம் நம்மில் பலருக்கு இல்லாமல் போயிற்று.

எண்ணைப் பொருளிலிருந்து பிரித்து எடுத்துவந்து அதன்மீது பணம் கட்டுவது நம்மிடையே நேற்று வந்ததன்று. கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே திருப்பத்தூர், ஆம்பூர், வேலூர் பக்கத்துக் காவல்துறைச் செய்திகளில் காட்டன் சூதாட்டம் என்ற பெயர் அடிக்கடி வரும். அங்கே பருத்தி எங்கிருந்து வந்தது என்று நாங்கள் வியந்ததுண்டு. அது நியூயார்க்கிலிருந்து வந்தது. நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலையும் இறுதி விலையும் தந்தி வழியே பம்பாய்க்கு வரும். அந்த விலையின் இலக்கங்கள்மீது ஆலைத் தொழிலாளிகள் காசு கட்டினார்கள். 1960களின் தொடக்கத்தில் அந்த வழி அடைபட்டதும் எண்களை எழுதிப் பானையிலிட்டு எடுக்கும் முறை வந்தது. மட்கா என்றால் பானை. 1962 இல் கல்யாண்ஜி பகத்தும் 1964 இல் ரத்தன் கத்ரியும் தொடங்கிய ஆட்டங்கள் நாடெங்கும் பரவின. நியூயார்க்கும் போயிற்று, பருத்தியும் போயிற்று. நம் பக்கத்துத் தெருக்களில் காட்டன் என்ற சொல் மட்டும் எஞ்சிவிட்டது.

லாட்டரியின் கதையும் இதுவே. 1968 இல் தமிழக அரசே பரிசுச்சீட்டு நடத்தத் தொடங்கியது. 2003 ஜனவரியில் எல்லா லாட்டரிகளும் இங்கே தடைசெய்யப்பட்டன. கர்நாடகம் தடைசெய்தது 2007 இல். இடைப்பட்ட நான்கு ஆண்டுகள், ஜூஜூவாடியில் குற்றமாயிருந்த சீட்டு, நடந்துபோகும் தொலைவிலுள்ள அத்திப்பள்ளியில் குற்றமில்லாததாக இருந்தது. அதன்பின் சீட்டே தேவைப்படாத லாட்டரி வந்தது. கேரள அரசு லாட்டரியின் முடிவு வெளியானதும் அதன் கடைசி எண்களை வைத்து வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுக்கும் ஒரு நம்பர், மூன்று நம்பர் ஆட்டம். கேரளத்தில் பரிசு விழுந்தவர் யார் என்பதில் இங்கே எவருக்கும் அக்கறையில்லை. பருத்தியில்லாத காட்டன், சீட்டில்லாத லாட்டரி, பந்தில்லாத கால்பந்து என்ற வரிசையில் தம்பி கடைசியாக வந்தவர். முன்னவர்கள் பம்பாய் ஆலைகளின் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவர்கள். இவர் சிப்காட்டின் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவர். கூலி கையில் கிடைக்கும் இடத்தை எண் எப்படியோ மோப்பம் பிடித்து வந்துவிடுகிறது.

சட்டமும் எல்லையில் தடுமாறியது. திறன் ஆட்டம் என்ற பெயரில் இணையத்தில் பணம் வைத்து ஆடுவதைத் தமிழ்நாடு 2020 நவம்பரில் அவசரச் சட்டத்தால் தடுத்தது. அதன்வழி வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் ரத்துசெய்தது. இரண்டே மாதத்தில், அக்டோபரில், கர்நாடகம் தடைவிதித்தது. 2022 பிப்ரவரியில் அங்கத்திய உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை நீக்கியது. தமிழ்நாட்டின் இரண்டாவது சட்டம் 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அதே நவம்பரில் ரம்மியையும் போக்கரையும் அதன் தடையிலிருந்து நீதிமன்றம் விலக்கியது. ஒரே சாலையின் இரு முனைகளில் குற்றம் இடம்மாறிக்கொண்டே இருந்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. நாடறிந்த இந்தியச் செயலிகள் பண ஆட்டங்களை நிறுத்தின. தம்பியின் தளம் நிற்கவில்லை. அது எந்த நாட்டில் இருந்தது என்பது அவருக்கே தெரியாது. டெலிகிராமில் ஓர் ஏஜென்ட்; வாரத்துக்கு ஒரு புதிய வங்கிக் கணக்கு. அந்தக் கணக்குகளும் இவரைப் போன்ற எவரோ ஒருவர் சில ஆயிரங்களுக்கு வாடகைக்குக் கொடுத்தவையாக இருந்திருக்கக்கூடும்.

கணக்கில் கெட்டிக்காரரான தம்பியிடம் கணக்கையே பேசிப்பார்த்தோம். 100 ரூபாய் கட்டி வென்றால் கைக்கு வருவது 190. மேலே ஒருவர், கீழே ஒருவர் நூறு நூறாகக் கட்டினால் நடத்துபவரிடம் 200 சேரும்; வென்றவருக்கு 190 போக 10 அவருக்கு நிற்கும். யார் வென்றாலும் அவருக்குக் கவலையில்லை என்பதுதான் உண்மையான நடுநிலை. கட்டுபவர் நட்டமின்றி நிற்கவே நூற்றுக்கு 53 முறை வெல்ல வேண்டும். தலை, பூ என்று காசைச் சுண்டிப்போட்டு 500 ரூபாய் வீதம் நூறு முறை கட்டினால், ஐம்பது வெற்றியில் 22,500 வரும், ஐம்பது தோல்வியில் 25,000 போகும். தம்பி இதையெல்லாம் எங்களைவிட விரைவாகப் போட்டுக் காட்டினார். பிறகு சொன்னார்:

“காசைச் சுண்டறவனுக்குத்தான் அந்தக் கணக்கு, அண்ணா. நான் கண்மதிப்பு பார்த்துக் கட்டறேன். எங்க அப்பா பண்றதும் பெட்டிங்தானே?”

இந்தக் கேள்விக்கு எங்களால் உடனே விடைசொல்ல முடியவில்லை. அவருடைய தந்தை மாந்தோப்புக் குத்தகைக்காரர். மரம் பூத்திருக்கும்போதோ பிஞ்சு விட்டிருக்கும்போதோ தோப்புக்குள் நடப்பார். தண்டைத் தட்டிப்பார்ப்பார், நுனிக் கிளைகளை அண்ணாந்து பார்ப்பார். இந்தத் தோப்பில் இத்தனை டன் இறங்கும் என்று மனத்துக்குள் ஓர் எண்ணை நிறுத்தி, அதை வைத்து விலை பேசுவார். அந்த எண்ணுக்கு மேலே காய்த்தால் அவருக்கு, கீழே காய்த்தால் நட்டமும் அவருக்கே. எண்ணைப் போலவே விலையும் ஏமாற்றும். 2025 கோடையில் பெங்களூரா என்று நாம் சொல்லும் தோத்தாபுரி மாங்காயின் விலை விழுந்தது. கூழ்த் தொழிற்சாலைகளில் லாரிகள் காத்துக்கிடந்தன. தந்தைக்கு அந்த ஆண்டு கண்மதிப்பு சரியாயிருந்தும் பணம் போனது. தம்பி பந்தயத்தில் இறங்கியது அந்த ஜூனில்தான். தந்தை இழந்ததை எட்டிப்பிடித்துவிடலாம் என்ற எண்ணமே அவரை இறக்கியது. பேராசை என்று அதைச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா? பலநாள் பேசிய பிறகு எங்களுக்குத் தோன்றியது இது. தோப்புக்காரரின் கண்மதிப்பில் ஒரு சுமை கைமாறுகிறது. காற்றும் பனியும் பூச்சியும் என்ன செய்யுமோ என்ற அச்சத்தைத் தோப்பின் உரிமையாளரிடமிருந்து குத்தகைக்காரர் தன் தலையில் வாங்கிக்கொள்கிறார். அதற்கு ஈடாகவே அவருக்கு லாபம் பேசப்படுகிறது. அந்த எண்ணுக்காகக் காவல் இருப்பவர், மருந்தடிப்பவர், காய் பறிப்பவர், கூடை சுமப்பவர் இருக்கிறார்கள். எண் பொய்த்தாலும் மாங்காய் இருக்கும். யாரோ ஒருவர் அதைத் தின்பார். கனடாவில் விழுந்த 51 ஆவது புள்ளியால் இங்கே எவருடைய சுமையும் இறங்கவில்லை. தம்பி எந்தப் பக்கம் கட்டினாலும் பந்து போகிற இடத்துக்குத்தான் போகும்.

அந்த நாட்களில் நாங்கள் நளன் கதையை வாசித்துக்கொண்டிருந்தோம். சூதில் நாட்டை இழந்த நளன், இருதுபன்னன் என்ற அரசனுக்குத் தேரோட்டியாக இருக்கிறான். வழியில் ஒரு தான்றி மரம். அதன் காய்கள் இத்தனை என்று இருதுபன்னன் பார்த்த மாத்திரத்தில் கூட்டுத்தொகையைச் சொல்கிறான். மகாபாரதத்தில் வரும் கதையின்படி நளன் அதை அப்படியே ஏற்பதில்லை. நேரமாகிறது என்று அரசன் தடுத்தும் தேரை நிறுத்தி, இறங்கி, எண்ணிப் பார்க்கிறான். எண் சரியாயிருக்கிறது. அந்த வித்தையைக் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே கலி அவன் உடலைவிட்டு நீங்குகிறான். முற்காலத்தில் சூதாடு காய்களாகப் பயன்பட்டவை இதே தான்றிக் காய்கள்தான். வித்தை அறிந்ததால் நளன் மீண்டான் என்றே நாங்கள் அதுவரை புரிந்துவைத்திருந்தோம். அம்முறை வாசித்தபோது, தேரிலிருந்து இறங்கி மரத்தின் அருகே போனதுதான் எங்கள் கண்ணில் நின்றது. தம்பி அன்று ஒன்றும் பேசவில்லை.

நவம்பர் 16 அன்று வின்னிபெக்கில் இறுதியாட்டம். நமக்கு 17, திங்கட்கிழமை விடிகாலை. முந்தைய நான்கு இறுதியாட்டங்களின் சராசரியை நம்பித் தம்பி மேலே என்று கட்டினார். சஸ்காட்செவன் 25, மான்ட்ரியால் 17, 42. தை மாதக் குத்தகைக்கு முன்பணமாகக் கொடுக்கவென்று தந்தை அவர் கணக்கில் போட்டுவைத்திருந்த பணம் அதோடு முடிந்தது. ஆறு மாதத்தில் போனது மொத்தம் 1,86,000 ரூபாய். அவருடைய மாதச் சம்பளம் 16,000. இரண்டு நாள் கழித்து மருந்துக்கடைக்கு வந்து, வாடிக்கையாளர்கள் போகும்வரை நின்று, இதைச் சொன்னார். தூக்கமாத்திரை கேட்டுத்தான் வந்தாரோ என்ற அச்சம் கடைக்கார நண்பருக்கு இன்றும் உண்டு. அவர் அன்றிரவு தம்பியைத் தன் வீட்டிலேயே தங்கவைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நால்வரும் அவரை அழைத்துக்கொண்டு போச்சம்பள்ளிக்குப் போனோம். தந்தை திண்ணையில் இருந்தார். உட்காருங்க சார் என்று பாய் விரித்தார். ஆசிரியர்தான் சொல்லி முடித்தார். வெகுநேரம் அவர் எதுவும் பேசவில்லை. பிறகு மகனைப் பார்த்துக் கேட்டார்.

“யாரு ஆடினாங்க?”

“கனடாக்காரங்க, அப்பா.”

“நீ பார்த்தியா?”

“இல்லப்பா. நம்பர் மட்டும்தான் வரும்.”

“கண்ணால பார்க்காததுக்கா கட்டின?”

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளேயிருந்து அம்மா அழும் சத்தம் கேட்டது. எங்களுக்குச் சோறு போடச் சொன்னார். நாங்கள் சாப்பிட்டோம், தம்பியும் சாப்பிட்டார்.

அந்த ஆண்டு நான்கு தோப்புகளுக்குப் பதில் இரண்டை மட்டும் தந்தை பேசினார். தம்பி மாதம் 4,000 ரூபாய் அவருக்கு அனுப்புகிறார். அந்தக் கணக்கில் எல்லாம் அடைய நான்கு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக ஆகும். கைப்பேசியிலிருந்து தளத்தை நீக்கிவிட்டார். ஏஜென்டின் செய்திகள் புதுப்புது எண்களிலிருந்து சில மாதம் வந்துகொண்டிருந்தன. முதல் 500 இலவசம் என்பார்கள். இரவு ஷிப்ட் மாறவில்லை. விடிகாலை 4.30க்கு இப்போதும் விழிப்பு வந்துவிடுகிறது என்கிறார்.

தை மாதத்தில் விடுப்பெடுத்து ஊருக்குப் போனவரைத் தந்தை தோப்புக்கு அழைத்துப்போனார். பூத்திருந்த மரங்களுக்கிடையே நடந்து முடித்தபின், எவ்வளவு இறங்கும் சொல் என்றார். தம்பி ஓர் எண்ணைச் சொன்னார். தந்தை அதைவிட மூன்று டன் குறைத்துச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, வடக்கு வரிசையில் பூ அடர்த்தியாக இருந்தாலும் வேரில் ஈரம் போதாது, பாதி உதிரும் என்று மண்ணைக் கிளறிக் காட்டினாராம். இதை எங்களிடம் சொல்லும்போது தம்பி பையிலிருந்து அந்தப் பழைய நோட்டை எடுத்தார். கனடாக் கணக்குகள் முடிந்த பக்கத்துக்கு மறுபக்கத்தில், தந்தையின் எண்ணையும் தன் எண்ணையும் அடுத்தடுத்து எழுதி, எதிரே மரங்களை வரிசைவாரியாகக் குறித்திருந்தார். காய் இறங்கி லாரி எடைமேடை ஏறும்வரை அதற்குக் கீழே எழுத ஒன்றுமில்லை.